கதவை அளக்கத் தெரியாதவள்

புனேயில் நான் வேலை பார்த்த கல்வி நிறுவனத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உலவியது. லட்சக்கணக்கில் செலவழித்துக் கணினி வாங்கத் திட்டம் தீட்டிய மேடம், அது நுழைய வேண்டிய கதவை அளக்க மறந்துவிட்டாராம். கேன்டீனில் தேநீர் ஊற்றுகிறவரிலிருந்து விடுதிக் காவலர்வரை எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். கதை பொய். ஆனால் அதைச் சபையில் எழுந்து நின்று முதன்முதலில் சொன்னவள் நான்தான். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

என் ஊர் கோயம்புத்தூர். கல்யாணமாகித்தான் புனேக்கு வந்தேன். கணவர் வீட்டார் அங்கே கட்கிப் பகுதியில் வேர் பிடித்தவர்கள். மாமனார் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டுத் தமிழில் பாதி இந்தி இருக்கும், கொஞ்சம் மராத்தியும். கணவர் ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தார். நான் அதுவரை பார்த்ததெல்லாம் ஒப்பந்த வேலைகள். ஒவ்வொரு மார்ச் மாதமும் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று காத்துக் கிடக்க வேண்டும். இந்த நிறுவனத்தின் கணினி மையத்தில்தான் முதன்முதலாக நிரந்தரப் பணி என்று சொல்லி எடுத்தார்கள். சொல்லிவிட்டு, அதற்கு முன்னால் தகுதிகாண் பருவம் என்று ஒரு முட்டுக்கட்டையும் வைத்தார்கள். அந்தப் பருவம் நல்லபடியாக முடிந்து ஆணை என் கைக்கு வர வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அது இரண்டாயிரத்துக்குப் பிறகான காலம். ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு சர்வர் வைத்திருந்தது. வேதியியல் துறையில் மேசைக்கு அடியில் இருந்தது. நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளுக்குப் பக்கத்தில். தேர்வுப் பிரிவில் அதற்குப் பூப்போட்ட துணியில் உறையே தைத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் அது சூடேறி அடிக்கடி நின்றுபோகும். நின்றதும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் உறையைக் கழற்றிவிட்டு வருவேன். மறுநாள் பார்த்தால் உறையைத் துவைத்துத் தேய்த்து மறுபடி போட்டிருப்பார்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து, பிளேடு சர்வர் என்று அப்போது புதிதாக வந்திருந்த வகைக்கு மாற்றுவதென்று முடிவானது. புத்தக அலமாரியில் புத்தகங்கள் நிற்பது போல, ஆள் உயரத்துக்கும் மேலான இரும்பு அலமாரிக்குள் மெல்லிய கணினிகள் பக்கம் பக்கமாகச் செருகி நிற்கும். மின்சாரம், காற்றாடி, வலைத்தொடர்பு மூன்றும் எல்லாவற்றுக்கும் பொது. இடமும் மிச்சம், கம்பியும் மிச்சம். ஆனால் பழைய சர்வரைப் போல நினைத்த மூலையில் வைத்துவிட முடியாது. கனம் அதிகம், சூடு அதிகம், மின்சாரத்தையும் தாராளமாகக் குடிக்கும். இதற்குத் திட்டம் போடும் வேலை என்னிடம் வந்தது. இதை ஒழுங்காக முடித்தால் ஆணை நிச்சயம் என்று மையத்தில் எல்லாரும் சொன்னார்கள்.

துறை துறையாக ஏறி இறங்கினேன். தங்கள் சர்வரைப் பிரிய யாருக்கும் மனமில்லை. "என் ஆராய்ச்சித் தரவைப் பார்க்க இனிமேல் உன்னிடம் அனுமதி கேட்க வேண்டுமா?" என்று இயற்பியல் பேராசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் சீறினார். வேண்டியதில்லை என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். ஒரு துறையில் வரும் கோளாறு இன்னொரு துறைக்குத் தொற்றாதபடி வலைத்தொடர்பைத் தனித்தனியாகப் பிரித்து வரைந்திருந்தேன். ஒரு மின்பாதை செத்தாலும் மற்றொன்று தாங்கும்படி இரண்டு பாதைகள் போட்டேன். எவ்வளவு சூடு கிளம்பும், அதற்கு எத்தனை குளிர்சாதனம் என்று கணக்கிட்டேன். தரை தாங்குமா என்று கட்டடப் பிரிவின் மேற்பார்வையாளரைக் கூட்டிவந்து பார்க்கச் சொன்னேன். அவர் புனேக்காரர், அதிகம் பேசாதவர். தாங்கும் என்று தலையாட்டினார்.

கதவையும் அளந்தேன். அந்த அறை முன்பு மாணவர்களின் இயந்திரப் பட்டறையாக இருந்தது. லேத்துகள் போய்வந்த இரட்டைக் கதவு தெற்குப் பக்கத்தில் இருந்தது. உயரம், அகலம், அதற்கு வெளியே லாரி நிற்க இடம், எல்லாம் எடுத்து வரைபடத்தில் குறித்தேன். மேற்பார்வையாளர்தான் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அலமாரி அந்தக் கதவில் அலட்டிக்கொள்ளாமல் நுழையும். என்னிடம் அப்போது ஒரு திமிர் இருந்தது. பணமோ பேரோ கிடையாது. என் கணக்குத் தப்பாது என்ற திமிர். கூட்டங்களில் ஆண்கள் நாலு பேர் உரக்கப் பேசும்போது நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கடைசியில் என் எண்தான் நிற்கும்.

திட்டம் ஒப்புதலாகி ஆர்டரும் போன பிறகு புது இயக்குநர் வந்தார். கெட்டவர் என்று அவரை இன்றுவரை சொல்ல மாட்டேன். பியூனிடம்கூட வாங்க போங்க என்று பேசுகிறவர். ஆனால் கூடவே ஒரு வாஸ்துக்காரரையும் கொண்டுவந்தார். அந்த மனிதர் வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விலை உயர்ந்த இயந்திரம் வரும் அறைக்குத் தெற்கு வாசல் ஆகவே ஆகாது என்று சொன்னார். மே மாத விடுமுறையில் நான் ஊருக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் தெற்குக் கதவு இருந்த இடத்தில் செங்கல் சுவர் எழும்பி வெள்ளையும் அடித்தாகிவிட்டது. கிழக்கே ஒடுக்கமான நடையில் ஒற்றைக் கதவு ஒன்று திறந்திருந்தது. அதற்குக் கீழே இங்கத்து வழக்கப்படி உயரமான மர வாசற்படி, மேலே சாமந்தித் தோரணம். வாசற்படி உயர்ந்ததில் கதவின் உயரம் அந்த அளவுக்குக் குறைந்திருந்தது.

நான் பையைக்கூட மேசையில் வைக்கவில்லை. நேரே இயக்குநர் அறைக்குப் போனேன். மேற்பார்வையாளர் அங்கே வேறு ஏதோ வேலையாக நின்றிருந்தார். "சார், அந்தக் கதவு வழியாக அலமாரி வராது" என்றேன். இயக்குநர் சிரித்தார். வருகிற அன்று தெற்குச் சுவரைப் பிரித்துக்கொண்டால் போயிற்று, செங்கல்தானே என்றார். மேற்பார்வையாளரும் ஒரே நாளில் பிரித்துவிடலாம் என்றார். இதை எழுத்தில் கொடுக்கலாமா என்று வெளியே வந்து யோசித்தேன். அவர் புதியவர், என் கோப்பு அவர் மேசையில் இருந்தது, எழுதினால் புகார் சொல்வது போல இருக்கும். விட்டுவிட்டேன்.

பக்தர்கள் பல்லக்கோடு நடந்து போகும் பால்கி ஊர்வலம் ஊருக்குள் தங்கியிருந்த நாட்களில் சாலைகளை அடைத்துவிட்டதால் லாரி ஊருக்கு வெளியே காத்து நின்றது. அது வந்து சேர்ந்தபோது ஆஷாட மாதம் பிறந்திருந்தது. நம் ஆடியைப் போல இங்கே அது நல்ல காரியத்துக்கு ஆகாத மாதம். அந்த மாதத்தில் தெற்குச் சுவரை இடிக்கவே கூடாது, இயக்குநரின் பதவிக்கே கேடு என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். சரி என்று கிழக்குப் பக்கம் முயன்றோம். நிமிர்த்திக் கொண்டுபோனால் அலமாரியின் தலை கதவில் இடித்தது. சாய்த்தால் அடிப்பக்கம் நடையின் எதிர்ச் சுவரில் முட்டியது. கூலிக்காரர்கள் மாற்றி மாற்றிச் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வெளியில் வைத்துப் பிரித்தால் உத்தரவாதம் கிடையாது என்று விற்றவர்களின் ஆள் கறாராகச் சொல்லிவிட்டார். கடைசியில் அதை முகப்பு மண்டபத்தில் ஓரமாக நிறுத்தி, நீலத் தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் கட்டினார்கள். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது.

புனே மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையல்ல. நாள் முழுக்கத் தூறும். மண்டபத்தில் ஒதுங்குகிற எல்லார் கண்ணிலும் அந்த நீல மூட்டைதான் படும். மாணவர்கள் அதன்மேல் குடையை விரித்துக் காயவைத்தார்கள். ஒரு நாய் அதன் மறைவில் குட்டி போட்டது. 'மேடம் கா ஃப்ரிட்ஜ்', மேடத்தின் ஃப்ரிட்ஜ், என்று பேர் வைத்துவிட்டார்கள். குளிர்ந்த தண்ணீர் எப்போது கிடைக்கும் என்று கணக்குப் பிரிவில் ஒருவர் என்னையே கேட்டார். திட்டம் என்னுடையது என்று எல்லாருக்கும் தெரியும். விடுமுறையில் நடந்ததால் சுவர் விவகாரம் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் திறந்துவிடுவார்கள், கொஞ்ச நாளில் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போனது. பிறகு மண்டபத்து வழியாக வருவதை விட்டு, சைக்கிள் நிறுத்துமிடத்துச் சந்து வழியாக உள்ளே போகத் தொடங்கினேன்.

ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு முந்தின நாள் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தேநீர் வரவழைத்தார்.

"நாளைக்கு இதைக் கேட்பார்கள்" என்று நிதானமாக ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "நான் வாஸ்து என்று சொன்னால் ஊரே சிரிக்கும். விஞ்ஞானம் சொல்லித்தருகிற இடம் இது. அளவு எடுத்ததில் விட்டுப்போயிற்று என்று நீங்கள் சொன்னால், அது சாதாரணக் கவனப்பிசகு. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்களை உறுதிப்படுத்தும் கோப்பும் நாளைக்குத்தான் வருகிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. உதவி கேட்கிற மாதிரிதான் கேட்டார். சரி சார் என்று சொல்லிவிட்டேன். கோப்பையில் ஒரு வாய்கூட இன்னும் குடிக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற மாதிரி பாவனையாவது செய்திருக்கலாம். அவர் இவ்வளவு சுலபமாக முடியும் என்று எதிர்பார்க்கவில்லை போலும். எனக்குப் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார். நான் ஒரு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"அரே, இதுல என்ன போவுது?" என்றார். "எந்திரிச்சு ஒரு சாரி சொல்லிட்டு உக்காரு. பர்மனன்ட் ஆயிடுச்சுன்னா அப்புறம் யாரு இதை யாத் வெச்சுக்கப் போறாங்க? சோடோ, விட்டுத் தள்ளு."

"நான் அளந்தது சரிங்க."

"எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சாப் போதுங்களா?"

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அப்போ முடியாதுன்னு சொல்லிடு என்றார். அவர் நிஜமாகவே சொன்னாரா, என் வாயை அடைக்கச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

மறுநாள் பேருந்தில் அந்த ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவின் அளவை எடுத்ததில் என் தரப்பில் தவறு நேர்ந்துவிட்டது. கூட்ட அறையில் என் முறை வந்ததும் எழுந்து நின்று அதைச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. உண்மையைச் சொல்லும்போதெல்லாம் நடுங்குகிற என் குரல் அன்று மட்டும் கல் மாதிரி நின்றது. உறுப்பினர்களில் மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது பெண்கள் அரை அங்குலம் விடுவதில்லை, கதவென்றால் மட்டும் மறந்துபோகிறது பாருங்கள்" என்றார். மேசை முழுக்கச் சிரிப்பு. இயக்குநரும் குனிந்தபடி புன்னகைத்தார். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன். அவர் சொன்னதைக்கூட மறந்துவிடலாம். நான் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் எழுந்து எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கிறது.

சுவரோரம் நாற்காலி போட்டுக் கட்டடப் பிரிவு மேற்பார்வையாளரும் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் அவர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"மேடம், ஆப்னே தோ போலா தா" என்றார் மெதுவாக. நீங்கள் சொன்னீர்களே, நானும் அங்கே இருந்தேனே என்று கேட்கிற முகம். நான் ஒரு வார்த்தை சொன்னால் மேலே ஏறிப்போய்ச் சொல்லத் தயாராக இருந்தார். அந்த மனிதருக்கும் வேலை போகலாம், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அது தெரிந்துதான் கேட்டார்.

"நஹீ, மைனே நஹீ போலா தா" என்றேன். நான் சொல்லவேயில்லை.

அவர் தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். அதுவரை பார்க்கும்போதெல்லாம் குழந்தைகளைப் பற்றி, ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். அன்றிலிருந்து அதிகாரிகளிடம் சொல்வது போல ஜி மேடம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆணை வந்தது. கூட்டத்தில் என் கோப்பைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். கணவர் ஜிலேபி வாங்கி வந்தார். மாமனார் என் தலையில் கைவைத்து, "இனிமே டென்ஷன் இல்ல, ஆராமா இரும்மா" என்றார். ஜிலேபி தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது. நன்றாக இருந்தது, இரண்டாவதும் எடுத்தேன். இனி மார்ச் மாதத்துக்குப் பயப்பட வேண்டாம் என்ற நினைப்பே பெரிய இனிப்பாக இருந்தது.

ஆஷாடம் முடிந்து சிராவணம் பிறந்ததும் தெற்குச் சுவரை இடித்தார்கள். பழைய கதவின் அளவுக்கே திறந்தார்கள். அலமாரியைத் தார்ப்பாயிலிருந்து எடுத்து உருட்டிக்கொண்டு வந்தபோது நானும் நின்று பார்த்தேன். நான் வரைபடத்தில் குறித்திருந்த அந்த இடைவெளியில், இருபுறமும் ஒரு கை நுழைகிற அளவு விட்டு, எங்கும் உரசாமல் உள்ளே போனது. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நல்லவேளை சுவரை இடித்தார்கள், இல்லாவிட்டால் இந்த மேடத்தின் கணக்கை நம்பி என்ன ஆகியிருக்கும் என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வது காதில் விழுந்தது. என் அளவு சரி என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் இப்படி எனக்கு எதிராகவே திரும்பிக்கொண்டது.

அதற்குப் பிறகு எல்லாம் நான் போட்ட திட்டப்படியே நடந்தது. ஒவ்வொரு துறையாகப் புது சர்வருக்கு மாற்றினோம். தேர்வு முடிவு வெளியான நாளில் மாணவர்கள் மொத்தமாக மொய்த்தும் வலைத்தொடர்பு திணறவில்லை. கோடையில் ஒரு மின்பாதை செத்தபோது அடுத்தது தாங்கியது, யாருக்கும் தெரியக்கூட இல்லை. சண்டை போட்ட இயற்பியல் பேராசிரியர் தாமாகவே வந்து இன்னும் கொஞ்சம் இடம் கேட்டார். இவற்றைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

அடுத்து வந்த பொங்கலுக்குக் கட்கியில் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடினோம். சாப்பாட்டுக்குப் பின் ஆளுக்கொரு ஆபீஸ் கதை சொல்லும்போது என் கணவர் கதவுக் கதையை எடுத்துவிட்டார். உண்மைக் கதையை அல்ல, மற்றதை. நாய் குட்டி போட்டதையெல்லாம் சேர்த்து அபிநயத்தோடு சொன்னார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பாயசக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னாலிருந்து, "அந்தக் கதையை நீங்க ஏனுங்க சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உண்மையைச் சொன்னா உன் டைரக்டர் காதுக்குப் போவாதா? அவங்கள்ல ரெண்டு பேரு உன் காலேஜ்லதானே வேலை பாக்குறாங்க? மஜாக்தானே, சும்மா தமாஷு, விடு."

"ஊரெல்லாம் சொல்லட்டும். உங்க வாயால வேண்டாங்க."

அவர் அதற்குப் பிறகு அதைச் சொல்லவில்லை. ஆனால் அவர்மீது கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? முதலில் சொன்னது என் வாய்தானே.

சில ஆண்டுகள் போயின. இயக்குநர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார். வாஸ்துக்காரரும் காணாமல் போனார். புதுக் கட்டடத்தில் இரண்டாவது பிளேடு அலமாரி வைக்கத் திட்டம் வந்தது. இந்த முறையும் நானே போட்டேன். குழு அதைப் படித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டது: எல்லா அளவுகளையும் வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும். மின்சாரம், சூடு, வலைத்தொடர்பு, எதற்கும் அவர்களுக்கு வெளியாள் தேவைப்படவில்லை. அளவுக்கு மட்டும் தேவைப்பட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விற்பவர்கள் சார்பில் ஓர் இளம் பொறியாளர் வந்தார். கட்டடத்தைக் காட்ட மேற்பார்வையாளரும் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, அந்த வருடம் அவருக்கு ஓய்வு. இளைஞர் நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, நேராகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கதவு, நடை, லிஃப்ட், திரும்புகிற மூலை, எல்லாவற்றையும் அளந்தார். என் எண்களோடு ஒப்பிட்டார். சந்தேகப்பட்டு மறுபடி ஒரு முறை அளந்தார். பிறகு நாடாவைச் சுருட்டிக்கொண்டே மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

"இஸ் பார் சஹி நாபா ஹை, மேடம்." இந்தத் தடவை சரியாக அளந்துவிட்டீர்கள்.

மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்த்தார். பல வருடங்களுக்குப் பிறகு நேராகப் பார்த்தார், பார்வையை எடுக்காமல் நின்றார். இயக்குநர் ஊரில் இல்லை. என் வேலையை இனி யாரும் பறிக்க முடியாது. என்னைத் தடுக்க அங்கே ஒருவரும் இல்லை.

"தேங்க்யூ" என்றேன்.